ரேடியல் டயருக்குத் தொப்பை உண்டு

டிப்ளமோ முடித்த முதல் இரண்டு வருடம் ஒருவனை எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் விடக் கூடாது. நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கிற பருவம் அது. எதைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றும். என்னை விட்டார்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கிரேன் வாடகைக்கு விடும் கம்பெனியில் 'மெயின்டனன்ஸ் இன்ஜினியர்'. (இன்ஜினியர் என்று போட்டுக்கொண்டது நான்தான். முதலாளி "ஏம்பா" என்றுதான் கூப்பிடுவார்.) என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது ஒரே ஒரு லாரியில் தொங்கியது. ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரி. அதன் முதுகில் கிரேன் ஏற்றியிருந்தோம். ஓர் இரும்பு ஆலை அதை வருடக் கான்ட்ராக்டில் எடுக்கத் தயார். அவர்களுடைய சேஃப்டி ஆபீசர் பார்த்துச் சரி என்றால் போதும். வண்டியைக் காட்டிவிட்டு வருவது என் பொறுப்பு.

டயர்கள் எல்லாம் மொட்டை. அந்த அளவில் பழைய மாதிரி நைலான் டயர் எங்கும் கிடைக்கவில்லை, ரேடியல்தான் கிடைத்தது. அதை ஒரிஜினல் ரிம்மிலேயே ஏற்றிக் கொடுத்தவர் புதுவாயல் டயர் கடை காதர் பாய். அந்த ரிம் ஒரே துண்டு கிடையாது. டயரை நுழைத்த பிறகு ஓரத்தில் ஓர் இரும்பு வளையத்தைப் பூட்ட வேண்டும். டயர் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். பாய் வளையத்தின் துருவைச் சுரண்டிப் பூட்டி, சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, தள்ளி நின்று காற்றடித்தார்.

"இன்னா பாய், யானையா கட்றீங்க?"

"யானைக்கு மதம் புடிச்சா மூஞ்சில தெரியும் தம்பி. இதுக்குத் தெரியாது." பிறகு காற்றளக்கும் கேஜைக் காட்டினார். "ரேடியலுன்னா தொப்பை தள்ளிக்கினுதான் இருக்கும். காத்து கம்மின்னு எவன் சொன்னாலும் ஏத்தாத. முள்ளு இங்க நிக்குதா, அதோட உடு."

"தெரியும் பாய், படிச்சிருக்கேன்" என்றேன். (படித்தது நைலான் டயரைப் பற்றி. அதுவும் பரீட்சைக்கு வரவில்லை.)

கிளம்பினோம். டீக்கடையில் ஒருவர், "காத்து கம்மியா கீது" என்றார். ஓர் ஆட்டோக்காரர் துரத்திவந்து சொன்னார். ஆலை வாசலில் செக்யூரிட்டி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், முன் வீலு ரெண்டும் குந்திக்கினு கீது? ஆபீசரு பாத்தா திருப்பி அனுப்பிச்சிருவாரு" என்றார். என் படிப்பு அங்கே ஆட்டம் கண்டது. காற்றை ஏற்றிவிடலாம் என்றேன்.

டிரைவர் ஏழுமலை தயங்கினார். "பாய் வேணான்னாரே சார்."

"பாய் இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?"

"நீதான் சார். அதான் பயமா கீது."

லாரி எஞ்சினிலிருந்தே காற்றடிக்கக் கேஜ் வைத்த குழாய் உண்டு. ஒரு முன்சக்கரத்தின் தொப்பை கரைகிற வரைக்கும் ஏற்றலாம் என்று ஆரம்பித்தேன். கரையவில்லை. மேலும் ஏற்றினேன். முள் பாய் சொன்ன இடத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அப்போதுதான் கவனித்தேன், வளையம் ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தது. புத்தியுள்ளவன் ஓடுகிற இடம் இது. நான் சுத்தியலை எடுத்துவந்து இரண்டு தட்டு தட்டினேன்.

"சார், ஆபீசரு வர்றாரு!" என்று ஏழுமலை கத்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பத்தடி நடந்தேன். நான் இன்று இதை எழுதுவதற்கு அந்தப் பத்தடிதான் காரணம்.

குவாரியில் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். வளையம் பறந்துபோய், வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று எண் தகடுகளோடு தொங்கிய பலகையைப் பெயர்த்துக்கொண்டு, செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லாரி மட்டும் ஒரு முன்காலை மடக்கி, மன்னிப்புக் கேட்பது போல் சாய்ந்து நின்றது.

ஆபீசர் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு செக்யூரிட்டியிடம், "பலகையைத் தேடி எடுத்து மாட்டுங்க. சைபர் போடுங்க" என்றார்.

கான்ட்ராக்ட் வேறு கம்பெனிக்குப் போனது. முதலாளி திட்டவே இல்லை. "ஏம்பா, உன் கையெழுத்து நல்லா இருக்குமே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார், ஸ்டோர்ஸில். சுத்தியலை நான் பிறருக்கு எழுதிக் கொடுக்கலாம், தொடக் கூடாது.

இந்தக் கதையை என் மனைவிக்குச் சொன்னவர் ஏழுமலை, எங்கள் கல்யாணப் பந்தியிலேயே. இன்றும் மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்க நான் பம்பை எடுத்தால் போதும், மனைவி வாசலில் நின்று தெருவுக்கே குரல் கொடுப்பாள்: "எல்லாரும் உள்ள போயிடுங்க! எங்க ஊட்டுக்காரு காத்தடிக்கப் போறாரு!"

எதிர்வீட்டு அம்மா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போவார். ஆனால் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும்.