அவசரம் வேண்டாம், டீச்சர்

கைபேசி அடித்தபோது அழகியநம்பி போனக்காட்டு மலை ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, ஒரு கையில் இலைப் பையைத் தூக்கிப் பிடித்திருந்தான். இலைப் பை என்பது ஒரு வலைப் பை. உள்ளே காய்ந்த இலைகளைப் போட்டு, கல்லோடு கட்டி ஓடையில் விட்டுவிட வேண்டும். தண்ணீர் நன்றாக இருந்தால் பூச்சிகள் குடியேறி இலையைத் தின்னும். பூச்சிமருந்து கலந்திருந்தால் ஒன்றும் அண்டாது, இலை அப்படியே கிடக்கும். ஓடைக்கு உடம்பு எப்படி என்பதை இலையே சொல்லிவிடும்.

பேசியது ஷிபா டீச்சர். சுற்றுச்சூழல் எம்.எஸ்ஸி.யில் அவனுடைய வழிகாட்டி. படிக்க வந்த ஊரின் மலையாளத்தைப் பையன் பழகட்டும் என்று அவனிடம் வேறு பாஷையில் பேசவே மாட்டார்.

"நம்பீ, ப்ராஜெக்டில் ஒரு அவசரம்..." சிக்னல் விட்டு விட்டு வந்தது. "...நம்பிக்கு... உண்டோ?"

அம்பாசமுத்திரத்துக்காரனான நம்பி மலையாளத்துக்கென்று ஒரு முறை வைத்திருந்தான்: தெரிந்த சொல்லைப் பிடி, மற்றதை ஊகி. பெரும்பாலும் சரியாகவே வரும். இப்போதும் புரிந்துவிட்டது. ப்ராஜெக்டில் சேர உனக்கு அவசரமா என்று கேட்கிறார்.

அடுத்த இரண்டு வருட ஓடை ஆய்வுதான் அந்த ப்ராஜெக்ட். அதில் உதவியாளர் இடம் ஒன்றே ஒன்று. கிடைத்தால் இந்த ஓடை. கிடைக்காவிட்டால் மாமாவின் சிமெண்ட் கடை. அந்த நினைப்பில் அவன் சரியாகத் தூங்கி வெகுநாளாகிறது. ஆனால் கூடப் படிக்கும் ஸ்நேகா, உள்ளூர்க் கோட்டைக்குள் இருக்கும் தமிழ் அக்ரஹாரத்துப் பெண், எச்சரித்திருந்தாள்: "ஷிபா டீச்சருக்குப் அவசரப்பட்டுப் பறக்கறவாளைக் கண்டாலே ஆகாது. கேட்டுண்டு போய் நிக்காதே."

"எனிக்கு அவசரம் வேண்டா, டீச்சர்!" என்று ஓடை இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"வேண்டே?" என்று அதிர்ந்து கேட்டார் டீச்சர். இணைப்பு போய்விட்டது.

மறுநாள் ஆய்வகத்தில் டீச்சர் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

"என்னடா சொன்னே?" என்றாள் ஸ்நேகா.

"சேரத் துடிக்கிறியான்னு கேட்டாங்க. துடிக்கலன்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கே? கத்தினியோ?"

"தண்ணிச் சத்தம்லா? கத்தாம எப்படி?"

"அதான். உள்ளே போய் சாந்தமா இன்னொரு தரம் சொல்லிட்டு வா."

போனான். நேற்றுச் சொன்னதையே, துளியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னான். "டீச்சர், இன்னலெ பறஞ்ஞது தன்னெ. எனிக்கு அவசரம் வேண்டா. ஒட்டும் வேண்டா."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டில் எந்தெங்கிலும் பிரச்னம் உண்டோ, நம்பீ?"

"ஒரு பிரச்னமும் இல்லா." எவ்வளவு நிதானமானவன் என்று காட்ட, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"பின்னெ ஆர்க்கா அவசரம்?"

யாருக்கு அவசரமாம்? இதற்கு யோசிக்கவே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே சகமாணவன் ஜிபின் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தான். இலைப் பை பாதி ஊறுவதற்குள் பிடுங்கி எடுத்துவிடுகிறவன்.

"ஜிபினுக்குத்தான் டீச்சர்! அவனுக்குத்தான் அவசரம்!"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "எத்ர நல்ல மனசு, நம்பீ!"

நம்பி மிதந்துகொண்டே வெளியே வந்தான். "நல்ல மனசாம்! இடம் எனக்குத்தான்!"

"நான் சொல்லலையா?" என்றாள் ஸ்நேகா.

அன்றே சாலைக் கடைத்தெருவில் ரப்பர் பூட்ஸும், அட்டைப் பூச்சி ஏறாத நீளக் காலுறையும் வாங்கினான். அம்மாவுக்குப் போனில் சேதி சொன்னான்; கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "எலே, மாமாகிட்ட கடைக்கு வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேன். அவுகளும் உடனே பாத்துட்டாக," என்றாள் அம்மா.

போனை வைக்கும்போது ஜிபின் ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான்.

"அளியா! ப்ராஜெக்ட் எனிக்குக் கிட்டி!"

நம்பியின் கையிலிருந்து பூட்ஸ் நழுவியது. "உனக்கா? எப்படிடா?"

ஜிபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவன் போல நிமிர்ந்து நின்றான்.

"நன்றி தமிழிலேயே பறயணும்னு ஸ்நேகாட்ட கேட்டுப் படிச்சு வந்நேன், அளியா: நீ எனிக்கு விட்டுத் தந்ந அவசரம் உண்டல்லோ, அதுக்குத் தமிழில் 'வாய்ப்பு'ன்னு பேராம்!"