பேய்க்குமட்டிக்குக் காவல்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வேலையில் காலடியிலேயே தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு நாள் காலையில், மொட்டைமாடித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அடிமைத்தனத்திலிருந்து ஆண்குலத்தையே மீட்பதென்று முடிவெடுத்தார்.

பாவம், ஆண்குலம்! சமையல், துணி, பாத்திரம் எல்லாம் மனைவியின் பங்கு. போதாக்குறைக்கு அந்த அம்மாள் பகலெல்லாம் ஊரார் பல்லைப் பிடுங்கும் டாக்டர். மாஸ்டரின் பங்கு, சாயங்காலம் நாலு வாளி தண்ணீர். அதே நேரத்தில்தான் எதிரே மெக்கானிக் ஷெட்டில் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். எப்பேர்ப்பட்ட கொடுமை!

முதலில் கத்தரி, ரோஜா எல்லாவற்றையும் காயவிட்டுக் கொன்றார். பிறகு, ரிவர்ஸ் எடுக்கப் பழகும் பொட்டலிலிருந்து ஒரு கொடியைத் தோண்டி வந்து நட்டார். கற்றுக்குட்டிகளின் டயர் ஏறி இறங்கியும் சாகாத கொடி.

“பேய்க்குமட்டி! பாலைவனத்துப் பூசணின்னு வச்சுக்கோ. தண்ணியே வேணாம். விட்டாத்தான் வேர் அழுகிச் செத்துடும்.”

“காய் சாப்பிடலாமா?”

“ஐயோ, ஒரே கசப்பு. வயித்தைக் கலக்கிடும்.”

“நிழலாவது தருமா?”

“தரையோட படரும்மா.”

“ஒரு வேலையும் செய்யாம காலை நீட்டிப் படுத்துக்கும். ஏற்கெனவே வீட்ல ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குங்க?”

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இது காய்ச்சா, சாயங்காலம் முழுக்க என்னோடது. செத்தா, ராத்திரிச் சமையல் என்னோடது!”

“ஆயுசுக்கும்?”

“ஆயுசுக்கும்!”

டாக்டரம்மா செடியைப் பரிவோடு பார்த்தார். “பாவம், வாடிக் கிடக்கு. யாராவது ஒரு வாளி ஊத்தினா தேவல.”

அவ்வளவுதான், மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். யாராவது என்றால் யார்? பகலில் அம்மாள் கிளினிக்கில். ஆபத்து சாயங்காலம்தான். மறுநாளிலிருந்து தினமும் வேலை விட்டதும் மாடிக்கு ஓடி, படிக்கட்டுக் கதவைத் தாழிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். “என்னங்க, சும்மாதானே இருக்கீங்க? கொடியில துணி காஞ்சிருக்கும், மடிச்சிடுங்க.”

மடித்தார்.

“சும்மாதானே இருக்கீங்க? கதவுக்கு இந்தப் பக்கம் பட்டாணி வச்சிருக்கேன், உரிச்சிடுங்க.”

உரித்தார். அதற்கப்புறம் கீழே சத்தமே இருக்காது. சத்தமில்லை என்றால் சதி! மாஸ்டர் முதுகை இன்னும் அழுத்தினார். “மாஸ்டர், ஒரு கை குறையுது!” என்று தெருவிலிருந்து கத்திக்கொண்டிருந்த மெக்கானிக்கும் சில நாளில் கத்துவதை விட்டுவிட்டார். தூறல் போட்ட அன்று செடிக்குக் குடை பிடித்துவிட்டு, வீரர் தொப்பலாக நனைந்தார்.

கடைசியில் காய்த்தே விட்டது! பச்சை வரியோடு, பந்து போல ஒன்று. பறித்த கையோடு ஷெட்டுக்குப் பறந்தார். “ஜெயிச்சுட்டேன்! இனிமே சாயங்காலமெல்லாம் என்னோடது! போடுங்க சீட்டை!”

“உஷ்! மெதுவா, மாஸ்டர்” என்றார் மெக்கானிக். “அக்கா யோசிக்கறாங்க.”

மாஸ்டரின் நாற்காலியில், சீட்டுகளை விசிறியாய் விரித்தபடி டாக்டரம்மா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஏங்க, நீங்க பாட்டுக்கு இங்க வந்துட்டா, அங்க செடிக்கு யாரு காவல்?”