பூகோளம் அக்காவுக்கு ஒரு வீடு

பாஸ்போர்ட் இல்லாமல், மதுரைக்கு வடக்கே கால் வைக்காமல், உலக நாடுகளுக்கெல்லாம் பரீட்சை வைத்துப் பாதிக்கு மேல் பெயிலாக்கிய ஒரே மனுஷி எங்கள் பூகோளம் அக்காதான். இதில் யாராவது போட்டிக்கு வந்தால் நான் வழக்காடத் தயார்.

பெயரை வைத்து டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். சிவகாசியில் காலண்டரும் நோட்டுப்புத்தகமும் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் புரூஃப் திருத்துகிறவள். அவர் வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுதுகிறவர். பெண்கள் விடுதியில் ஆறு வருடம் ஒரே அறை. நான் சேர்ந்தபோதே அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. சொந்த ஊர் மல்லாங்கிணறு. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு கம்பெனியில் நாலு கதை உலவியது. அவரிடமே கேட்டால் ஐந்தாவதாக ஒன்று சொல்வார்.

அவர் வைத்த பரீட்சையில் ஒரே பாடம்தான்: அந்த ஊரில் பெண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள்? பேப்பரின் கனம், அட்டையின் நிறம், லோடு தூத்துக்குடிக்குப் போகும் தேதி எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, மெயிலின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார். "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?"

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று ஒருநாள் கேட்டேன். "சட்டம் எல்லா ஊர்லயும் நல்லாத்தாம்மா பேசும். சோத்துச் சட்டியப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். வந்த பதில்களை ஒரு நீள நோட்டில் நாடு வாரியாக எழுதி, பத்துக்கு மார்க் போடுவார். ஜப்பான்காரர் ஒருவர், கல்யாணமானால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான், அநேகமாக அது கணவனுடையதுதான் என்று எழுதியிருந்தார். ரயில் நேரம் தவறாமல் ஓடுவதற்காக அக்கா அந்த நாட்டுக்குக் கொடுத்திருந்த மார்க்கைக்கூடத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

கென்யாவில் நோட்டுப்புத்தகம் வாங்கும் வியாபாரி ஒருவருக்கு இந்தக் கேள்வி போனது. பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி போன் செய்தார். என் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்ட பெண்ணோடு நான் பேச வேண்டும் என்றார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு வெளியே இப்படியும் அப்படியுமாக நடந்து கொண்டிருந்தார். அக்காவின் வேலை போயிற்று என்றே நான் முடிவுகட்டினேன். அடுத்த மாதம் அந்த ஆர்டர் இரண்டு மடங்காக வந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, மற்ற பார்ட்டிகளிடமும் சாப்பாட்டைப் பற்றி மறக்காமல் விசாரிக்கச் சொன்னார்.

நார்வேயிலிருந்து ஒரு தம்பதி கைக்குழந்தையோடு கம்பெனியைப் பார்க்க வந்தது தனிக் கதை. எங்கள் மானேஜர் அந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தி, மிஷின் மிஷினாகக் கூட்டிப்போய், கமிஷன் வரைக்கும் பேசி முடித்தார். அந்த அம்மாவுக்கு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்து மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தோம். மனிதர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார். கடைசியில், குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். ஆர்டர் கொடுக்கிற கம்பெனியே அந்த அம்மாவுடையதாம். அந்த மனிதர் வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கிறவர். மானேஜர் பொன்னாடையைக் கழற்றி இந்தப் பக்கம் போடுவதா, புதிதாக வாங்குவதா என்று திண்டாடியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று சாயங்காலம் நோட்டில் நார்வே எட்டுக்கு ஏறியது. நாம் மூன்றுக்கு இறங்கினோம்.

இவ்வளவு பெரிய உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு ஊரில் பேச ஆள் கிடையாது. தீபாவளிக்கு விடுதியே காலியாகிவிடும். நான் பையைத் தூக்கும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருப்பார். ஊருக்குப் போகவில்லையா என்று முதல் வருடம் கேட்டுவிட்டேன். தம்பி பெண்டாட்டிக்குக் கஷ்டமாக இருக்கும் என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை. ஊரெல்லாம் சிவகாசி வெடி வெடித்துக்கொண்டிருக்கும் நாளில், இவர் ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு போய், தீபாவளி இல்லாத நாடுகளுக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பாராம். அங்கே எல்லோரும் வேலையில் இருப்பார்கள், உடனே பதில் வரும் என்பார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி விருதுநகர் வந்துவிட்டேன். கணவருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். வீடு மாடி வீடு. இரண்டு வருடம் கழித்து அந்த விடுதிக்காரர், பெண்களுக்குச் சோறு போடுவதைவிடக் காலண்டர் அடுக்கி வைப்பது லாபம் என்று கண்டுபிடித்துக் கட்டடத்தைக் குடோனாக்க முடிவு செய்தார். அக்காவுக்கு ஒரு மாதம் தவணை.

வீடு தேடும் படலத்தைப் போனில் தினமும் எனக்கு ஒலிபரப்பினார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: வீட்டில் ஆம்பளை யார்? ஒரு வீட்டுக்காரர் தம்பி மாதம் ஒருமுறை வந்து முகம் காட்ட வேண்டும் என்றார். இன்னொரு வீட்டு அம்மா, கொடியில் தினமும் ஒரு ஆம்பளைச் சட்டையைக் காயப்போட்டால் போதும், தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னாராம்.

"என்ன சைஸ் போடணும்னு கேட்டேன். நாப்பத்திரண்டு போடும்மா, ஆளு திடமா இருக்காருன்னு நெனைப்பாகன்னுச்சு அந்தம்மா. சட்டை மட்டும் இருந்தாப் போதுமாம்மா, அதுக்குள்ள ஆள் வேண்டாமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு உங்கள் ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று எல்லா நாட்டுக்கும் கேள்வி பறந்தது. நார்வே அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. வாடகை கொடுத்தால் ஏன் கிடைக்காது என்று திருப்பிக் கேட்டிருந்தார். கென்யா அம்மா, தன் தங்கச்சியும் இதே பாடுதான் படுகிறாள் என்று எழுதியிருந்தார். நம்ம ஊர் ஓனர்களுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார் அக்கா.

தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது கூப்பிட்டார். அன்று சிரிப்பு இல்லை. "ஒங்க வீட்டு மாடி சும்மாத்தான கெடக்கு? நான் இருந்துக்கிரட்டுமா?" என்றார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். என் கணவர் கெட்டவரில்லை. தனியாக இருக்கிற பொம்பளை, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்றார். மாமியார் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். ஆறு வருடம் ஒரே அறையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, மாடியில் வத்தல் மூட்டை அடுக்கப்போகிறோம் என்று பொய் சொன்னேன்.

"அதுக்கென்ன தாயி. வத்தலுக்காச்சும் எடம் கெடச்சுச்சே" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அந்த மாடியில் இன்றுவரை ஒரு மூட்டைகூட ஏறவில்லை.

கடைசி நாளில் ஆனைக்குட்டம் போகும் வழியில் வீடு கிடைத்துவிட்டது. ஒற்றை அறை, மேலே தகரக் கூரை. வெடி பாக்கெட் போடும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் வீடு. அவள் கேட்டது ஒரே கேள்விதானாம்: தண்ணி தினமும் வராது, பரவாயில்லையா?

பால் காய்ச்சுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். ஜோடியாக நின்று காய்ச்ச ஆளில்லாததால் அக்கா அடுப்பைப் பற்றவைக்க, வீட்டுக்காரப் பெண் பாலை ஊற்ற, நான் பொங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துப் போயிருந்தேன். அக்கா அதற்கு இடமே கொடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவர், பஸ் நெருங்கும்போது என் கையில் ஒரு சாவியைத் திணித்தார்.

"இது ஒனக்கு. நான் வேலைக்குப் போயிருந்தாலும் தொறந்து உள்ள இரு. ஒரு நாளைக்கு மனசு சரியில்லன்னு தோணுனா வந்துரு. யாருகிட்டயும் கேட்டுட்டு வரணும்னு இல்ல."

நான் இடம் கொடுக்காதவள். எனக்குச் சாவி கொடுத்தார். பஸ்ஸில் விருதுநகர் வரும்வரை அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா துக்க வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அந்தச் சாவி என் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரு தடவைகூடப் போகவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு முட்டிவலி, கணவருக்குச் சீசன் என்று ஏதாவது ஒன்று. அக்கா இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா, உங்களைப் பார்க்காமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை.