பல் டாக்டர் வீட்டுப் பகடை

பார்சலைப் பிரித்ததும் டாக்டர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். வேறெதுவும் விழவில்லை. கார் கண்ணாடியில் தொங்கவிடுகிற பஞ்சுப் பகடை இரண்டு, நாடாவோடு, சிவப்பு நிறத்தில், முயல்குட்டி அளவில் மேஜை மேல் கிடந்தன.

"நாளைக்குச் சாயங்காலம் இதை உருட்டித்தான் நிதி திரட்டப் போறீங்களா?" என்றாள் அவர் மனைவி. "உருட்டினா சத்தம்கூட வராது. தலைக்கு வெச்சுத் தூங்கலாம்."

"படத்துல சின்னதா இருந்துச்சு."

"படத்துல நீங்ககூட ஒல்லியாத்தான் இருக்கீங்க."

டாக்டர் கலங்குகிற ரகம் இல்லை. முப்பது வருஷமாக அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர். தன் வாயை மூடும் பழக்கம் மட்டும் அவருக்கு வரவில்லை.

இந்தப் பகடை விருந்தே அந்த வாயால் வந்ததுதான். போன மாதம் முதியோர் இல்லத்து நிர்வாகியம்மா அவருடைய கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்தார். இல்லத்தில் இருபத்தாறு பேர். பாதிப் பேருக்குப் பல் இல்லை. மீதிப் பேருக்கு இருந்தும் உபயோகமில்லை. கஞ்சியையும் கரைத்த ரொட்டியையும் குடித்தே நாளை ஓட்டுகிறார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு பேர்னு நேரம் ஒதுக்கினீங்கன்னா மூணு மாசத்துல எல்லாருக்கும் பல் செட் ஆயிடும் டாக்டர்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மூணு மாசம் கதவைச் சாத்திக்கிட்டு இருபத்தாறு பேர் வாயை நான் பார்த்தா, அதை யாரும்மா பார்க்கிறது? பெருசா யோசிக்கணும். நிதி திரட்டி உங்க ஹாலுக்குச் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கித் தரேன். கீழே என் பேர்."

"டிவி இருக்கு டாக்டர். ரெண்டு இருக்கு."

"மூணாவதா இருக்கட்டும்."

பின்னறையில் பல் செட்டுக்கு மெருகேற்றும் மெஷின் ஒரு நிமிஷம் நின்று, மறுபடி ஓடியது. நிர்வாகியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பெயர்ப் பலகை மட்டும் டாக்டரின் நோக்கமில்லை. ஊர் மனமகிழ் மன்றத்தின் தலைவர் வக்கீல் அடுத்த மாதம் பதவியை விடுகிறார். தனக்குப் பின் யார் என்று அவர் கை காட்டினால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கை தன் பக்கம் நீள்வதற்கு டாக்டருக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. இப்போது பகடையே இல்லை.

"அதுக்கென்ன டாக்டர்," என்றார் கீழே கிளினிக்கைப் பூட்டிவிட்டுச் சாவி கொடுக்க மாடி வீட்டுக்கு வந்த டெக்னீஷியன். கிளினிக்கின் பின்னறையில் பதினெட்டு வருஷமாகப் பல் செட் செய்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். "செட்டுக்கு ஊத்தற சரக்குலயே ஆறு கட்டை வார்த்துத் தரேன்."

"பார்த்தியா!" என்று டாக்டர் மனைவியிடம் திரும்பினார், தானே வார்த்தது போல.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் கூடினார்கள். சாப்பாட்டு மேஜை மேல் ஒன்று முதல் ஆறு வரை கட்டம் போட்ட அட்டை. நடுவில் ஈறு நிறத்தில் ஆறு பகடைகள், பல் வெள்ளையில் புள்ளிகளோடு.

"நீங்க ஒரு நம்பர்ல ஒரு நோட்டு வைக்கிறீங்க," என்று டாக்டர் விளக்கினார். "நான் உருட்டறேன். அந்த நம்பர் விழுந்தா நாலு மடங்கு என் டப்பாவுலேர்ந்து உங்களுக்கு. விழலைன்னா உங்க நோட்டு இல்லத்து உண்டியலுக்கு. ஆறுல ஒரு தடவைதான் உங்களுக்கு விழும். கணக்கு தர்மத்தோட பக்கம்!"

கைதட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்.

"இன்னொண்ணு. இந்தக் கட்டை கடையில வாங்கினதில்லை. என் லேப்ல, என் பல் செட்டுக்கு ஊத்தற அதே சரக்குல, அதே கை செஞ்சது. யாராவது ஒரு குறை கண்டுபிடிங்க, பார்ப்போம்!"

முதல் ஆட்டத்தில் நாலு விழுந்தது. நாலில் வைத்திருந்தவர் டாக்டரின் சம்பந்தி, மகளின் மாமனார். நாலு மடங்கை வாங்கிக்கொண்டு, எழுந்து கை நீட்டச் சோம்பல்பட்டு, எதிரில் இருந்த அதே நாலிலேயே மறுபடி வைத்தார். நாலு விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது.

"சம்பந்திக்கு இன்னிக்குச் சுக்கிர திசை!" என்று சிரித்தபடி டாக்டர் கட்டையை மாற்றினார்.

மாற்றிய கட்டையும் நாலையே காட்டியது.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் நோட்டை ஒன்றிலிருந்து நாலுக்கு நகர்த்தினார். வக்கீல் நகர்ந்தால் ஊர் நகரும். ஐந்து நிமிஷத்தில் அட்டையின் மற்ற ஐந்து கட்டங்களும் காலியாகிவிட, நாலாம் கட்டத்தில் மட்டும் நோட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன.

டாக்டர் கையால் உருட்டுவதை விட்டுவிட்டு, வாய் கொப்பளிக்கும் டம்ளரில் போட்டுக் குலுக்கி உருட்டினார். நாலு. மேஜையிலிருந்து தரை விரிப்புக்கு மாற்றினார். நாலு. மனைவியை உருட்டச் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க வம்பு," என்றபடி அவள் அசட்டையாக ஒரு தள்ளு தள்ளினாள். கட்டை உருண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் நின்றது. பதினைந்து பேரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள். நாலு.

டாக்டரின் டப்பாவில் அடித்தகரம் தெரிந்தது. உண்டியலில் முதல் சில ஆட்டத்து நோட்டுகளைத் தவிர எதுவும் விழவில்லை. அதையும் மூலையில் உட்கார்ந்திருந்த நிர்வாகியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நிறுத்திடுங்க," என்றாள் மனைவி அவர் காதில்.

"இப்ப நிறுத்தினா ஓடிட்டான்னு சொல்வாங்க. பந்தயத்தை ஏத்தறேன். ஒரு தடவை வேற நம்பர் விழுந்தா போட்டதெல்லாம் உண்டியலுக்கு வந்துடும்." குரலை உயர்த்தினார். "இனிமே எட்டு மடங்கு!"

அன்று மாலையின் மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

சம்பந்திக்கு மட்டும் கொஞ்சம் மனசு உறுத்தியது. "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. கட்டையில ஏதோ கோளாறு இருக்கு. உள்ளே காத்துக் குமிழி எதாச்சும்..."

"என் லேப் சரக்குல குமிழியா?" டாக்டர் நிமிர்ந்தார். "இந்தக் கட்டையில கோளாறுன்னா, உங்க வாயில இருக்கிற மேல் செட்டுலயும் கோளாறுன்னு அர்த்தம். அதுவும் இதே சரக்குதான், இதே கைதான்!"

சம்பந்தி வாயை மூடிக்கொண்டார். அவர் கன்னத்துக்குள் நாக்கு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருவது வெளியே தெரிந்தது. வக்கீலின் கன்னத்திலும் ஒன்று சுற்றியது. அந்தக் கூடத்தில் ஒன்பது பேர் டாக்டரின் கைவண்ணத்தை வாயில் வைத்திருந்தார்கள்; ஒன்பது நாக்குகளும் வேலையில் இறங்கின.

அதன் பிறகு கட்டையைக் குறை சொல்ல டாக்டராலும் முடியவில்லை. உருட்டிக்கொண்டேயிருந்தார். நாலு விழுந்துகொண்டேயிருந்தது.

டப்பா காலியானதும் டெக்னீஷியன் அருகில் வந்தார். கையில் மருந்துச் சீட்டுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், மை.

"ரொக்கம் இல்லைன்னா என்ன டாக்டர்? சீட்டா எழுதிக் குடுங்க. ஒரு சீட்டுக்கு ஒரு பல் செட்."

"அதான் சரி!" டாக்டருக்கு உயிர் வந்தது. 'ஜெயித்தவருக்கு ஒரு முழுப் பல் செட் இலவசம்' என்று முதல் சீட்டை எழுதினார்.

"இருங்க, இருங்க," என்று வக்கீல் குனிந்தார். தொழில் புத்தி. "'ஜெயித்தவருக்கு'ன்னு போட்டா நாளைக்கு யார் ஜெயிச்சதுன்னு தகராறு வரும். 'இந்தச் சீட்டைக் கொண்டு வருபவருக்கு'ன்னு போடுங்க. தேதி, கையெழுத்து, முத்திரை. சட்டப்படி அதுதான் சுத்தம்."

சுத்தமாகவே எழுதினார். முப்பத்தோரு சீட்டு.

ஆட்டம் முடிந்து தேநீர் வந்தபோது சம்பந்தி கையில் ஐந்து சீட்டு இருந்தது. அவர் வக்கீலிடம் சாய்ந்தார். "ஒரு செட்டு வாயில இருக்கிறதுக்கே பயமா இருக்கு. இன்னும் அஞ்சு வாங்கி என்ன பண்றது?"

வக்கீல் தன் கடைவாயை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். மனசாட்சி அவருக்கு அந்த வழியாகத்தான் வந்தது. எழுந்து நின்றார்.

"நண்பர்களே! தர்ம காரியத்துக்கு வந்த இடத்துல ஜெயிச்சதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது நமக்கு மரியாதையா?"

"இல்லை!" என்று ஒன்பது பேர் ஒரே குரலில் சொன்னார்கள். மற்ற ஆறு பேருக்கு அவசரம் புரியாவிட்டாலும் சேர்ந்துகொண்டார்கள். டெக்னீஷியன் உண்டியலோடு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார். சீட்டுகள் விழுந்தன. சம்பந்தி ஐந்தையும் போட்டுவிட்டு உண்டியலின் வாயை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டார்.

நிர்வாகியம்மா உண்டியலைத் திறந்து மேஜை மேல் கொட்டினார். கொஞ்சம் சின்ன நோட்டுகள், அதில் டிவியின் ரிமோட்கூட வராது. சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் படித்தார். இரண்டாவது சீட்டிலேயே அவர் கண் கலங்கிவிட்டது.

"இருபத்தாறு பேருக்கும் ஆச்சு," என்றார். "அஞ்சு மிச்சம்."

"புதுசா வர்றவங்களுக்கு வெச்சுக்குங்கம்மா," என்றார் சம்பந்தி தாராளமாக.

டாக்டரின் முகம் ஒரு கணம் பல் பிடுங்கக் காத்திருப்பவர் முகமானது. ஒரே கணம்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்தே நினைச்சிருந்தேன். டிவியை யார் வேணா வாங்கிக் குடுக்கலாம். மென்னு சாப்பிட வைக்க என் ஒருத்தனாலதான் முடியும்."

"இந்த மனசு யாருக்கு வரும்!" என்று வக்கீல் அவர் தோளைத் தட்டினார். தட்டிய கையிலேயே மன்றத்தின் அடுத்த தலைவரையும் அறிவித்தார். நிர்வாகியம்மா வாரம் இரண்டு பேர் வீதம் செவ்வாய்க்கிழமைகளில் வண்டி அனுப்புவதாகச் சொல்லி, சீட்டுகளைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் கதவைச் சாத்தினார். ஆறு பகடைகளையும் அள்ளி, டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த டெக்னீஷியன் முன்னால் போட்டார். ஆறும் நாலைக் காட்டிக்கொண்டு நின்றன.

"என்னய்யா வேலை இது? ஊரே நாக்கை வெச்சுத் தேடற அளவுக்கு ஆறு கட்டையிலயும் காத்துக் குமிழி! இருபத்தாறு பேருக்கும் இப்படித்தான் செஞ்சு தரப் போறியா?"

டெக்னீஷியன் ஒரு பகடையை எடுத்துத் துணியால் துடைத்தார்.

"பதினெட்டு வருஷத்துல என் கையில குமிழியே வந்ததில்லை டாக்டர். அது மூணுக்கு அடியில நான் கனத்துக்கு வெச்சது; பல்லை அடைக்கிற வெள்ளி."