சீமுவும் சீமாவும்

காது வலிக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறவனிடம் யாரும் அறிவை எதிர்பார்க்கக் கூடாது. எனக்குச் சாதாரண நாளிலேயே அது கொஞ்சம் தட்டுப்பாடு.

அப்போது புத்தூரில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்று டீக்கடைதோறும் வழக்கு நடந்த காலம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தெலுங்கு வாசகப் புத்தகம் ஒன்றை வாங்கிப் பாதி படித்துவிட்டு, "தெலுங்கா? நல்லாத் தெரியுமே!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சளி பிடித்திருந்த மகள் கோமதிக்குத் திடீரென்று காதுவலி, காய்ச்சல். மனைவி கனகாவும் காய்ச்சலில் கிடந்ததால் நானே திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். உட்கார்ந்தால் குழந்தை அழுதது. எழுந்தால் நான் அடுத்தவர் மடியில் விழுந்தேன். ரேணிகுண்டா வருவதற்குள் பஸ்ஸே என்னை வெறுத்தது.

டாக்டரம்மாவைப் பார்த்ததும், "நமஸ்காரமண்டி!" என்று முழங்கினேன். அவரும் தெலுங்கிலேயே கேட்டார்:

"செவிலோ சீமு வஸ்தா உந்தா?"

செவி, நம் செவிதான். சீமு? புத்தகத்தில் எறும்புப் படத்தின் கீழ் 'சீமா' என்று இருந்ததே! எறும்பு வருகிறதா என்கிறார்.

"லேதண்டி!" என்று கம்பீரமாக மறுத்தேன்.

அவர் விளக்கடித்துக் காதைப் பார்த்தார். பிறகு என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். பெனிசிலின் ஊசி போட்டுவிட்டு நீளமாக ஏதோ விளக்கினார். மூச்சு விட்ட இடத்திலெல்லாம் தலையாட்டினேன். எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: சீமு நிற்கிறவரை ஊரிலேயே தினமும் ஊசி போட வேண்டும்.

வராத எறும்பு எப்படி நிற்கும்? காய்ச்சல் இறங்கியதும் ஊசியை நிறுத்திவிட்டேன். காதில் மஞ்சளாகக் கசிந்ததைப் பக்கத்து வீட்டம்மா ஊற்றிய நல்லெண்ணெய் என்று நினைத்தேன்.

காய்ச்சல் திரும்பி வந்தது. குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு துடித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். அப்போதுதான் அந்த யோசனை உதித்தது: எறும்பு உள்ளேயே இருக்கிறது! வெளியே வரவழைக்கத் தலையணை ஓரத்தில் வெல்லத்தை வைத்தேன்.

வந்தன. சுவரிலிருந்து, சாரை சாரையாக.

கனகா அலறிக்கொண்டு எழுந்தாள். "இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க? கொயந்த தலமாட்டுல எறும்பு!"

"காதுலேருந்து வருது! டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க!"

காய்ச்சலோடு அவளும் கிளம்பினாள். திருப்பதியில் வரிசையில் இருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, எறும்பு வந்துவிட்டதென்று கத்தினேன்: "டாக்டரம்மா! சீமா வச்சிந்தி!"

கனகா நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகா சிரிக்கவில்லை. தெலுங்கு பேசுகிற ஊரில் பிறந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"சீமான்னா எறும்பு. சீமுன்னா சீழுங்க. எங்க ஊர்ல எருமை மேய்க்கிறவனுக்கும் தெரியும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அட்சர சுத்தமான தமிழில் ஆரம்பித்தார். சளியில் இருந்த கிருமி மூக்குக்குப் பின்னால் உள்ள குழாய் வழியாக நடுக்காதுக்குப் போய்ச் சீழ் பிடித்திருக்கிறது. காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்தினால், சாகாமல் மிஞ்சிய கிருமி மறுபடி பெருகும். காதே மந்தமாகிவிடலாம். எண்ணெய் ஊற்றவே கூடாது.

குழந்தையை இறுக்கிக்கொண்டு கேட்டேன்: "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"மெட்ராஸ்லதானே படிச்சேன். நீங்கதான் தெலுங்குல ஜோரா ஆரம்பிச்சீங்க. ஆசையைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

இந்த முறை ஊசிகளைக் கனகாவே உடனிருந்து போட வைத்தாள். சீழ் நின்றது, காது தப்பியது. இன்று நான் அடுத்த அறையில் முணுமுணுத்தால்கூடக் கோமதிக்குக் கேட்கிறது.

இப்போது வீட்டில் ரேடியோ பழுதானாலும் சரி, மின்விசிறி நின்றாலும் சரி, நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எழுந்தால் போதும். கோமதி அவள் பிள்ளைகளிடம் பதறிச் சொல்வாள்:

"தாத்தாவப் புடிங்கடா! அவுருக்குத் தெலுங்கு நல்லாத் தெரியும்!"