அத்தானின் தலைவர் பதவியும் முப்பத்தொரு கிண்ணங்களும்

டோர்செட் பார்க்,
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி வாகீசனுக்கு அக்கா குணவதி எழுதுவது. முருகன் அருளால் நாங்கள் இங்கே சுகம். விட்பியில் நீயும் மச்சாளும் உன் மகள் சாம்பவியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நேற்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. எங்கள் கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கத்துக்கு உன் அத்தான் பதினொரு வருடமாகத் தலைவர். கமிட்டிக்காரர் ஏழு பேர் எங்கள் ஹோலில் கூடுவார்கள், நான் தேத்தண்ணி கொடுப்பேன், அது ஆறுமுன் இவரைத் தெரிவு செய்துவிடுவார்கள். இப்போது பதினாலாம் மாடி நிலக்சி, தலைவரைக் கட்டடத்தில் எல்லாரும் நேரடியாகத் தெரிவு செய்ய வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள். அப்படியொரு தேர்தல் வேண்டுமா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கீழே லொபியில் வாக்கெடுப்பு. வேண்டும் என்று முடிந்தால் இவர் தோற்பது நிச்சயம், தோற்றால் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். போன மாதம் காய்ச்சலோடு இரண்டு நாள் இருந்தபோதே என் சமையல் சரக்குப் போத்தல்களை அகரவரிசையில் அடுக்கிவிட்டார். சீரகத்தை இன்னும் தேடுகிறேன். பதவி போனால் என் கதி என்ன என்று நீயே சொல்லு.

அதனால் நானே இறங்கி, வடையும் றோலும் செய்து கிண்ணங்களில் வைத்து, தேர்தல் வேண்டாம் என்று போடுங்கள் என்று முப்பத்தொரு வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர்கள் சும்மா விட்டார்களா? லிப்ற் நிற்கிறது, சிங்க் ஒழுகுகிறது, ஹீற்றர் சுடவில்லை என்று பிடித்துக்கொண்டார்கள். கட்டடத்தைப் பார்க்கிற ஜூலியை நான் விடாமல் போனில் பிடித்து எல்லாவற்றையும் திருத்த வைத்தேன். திங்கட்கிழமைக்குள் முப்பத்தொரு கிண்ணமும் திரும்பி வந்தன, ஒன்றுகூட வெறுமையாக இல்லை. ஒன்றில் கொழுக்கட்டை, ஒன்றில் முறுக்கு, ஒன்றில் அரை அன்னாசி. இவர் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து எண்ணி, முப்பத்தொரு வீடும் எங்கள் பக்கம் என்று கமிட்டிக்குச் செய்தி அனுப்பிவிட்டார், நானும் நம்பினேன். நேற்று லிப்றில் ஒன்பதாம் மாடி மக்டலீன் அன்ரியைக் கண்டேன். நிலக்சியும் வீடு வீடாகக் கேக் கொடுத்தாளாம்.

"அவளின்ர தட்டையும் நிரப்பித்தான் குடுத்தனான், பிள்ளை. வெறும் ஏனத்தை ஆரும் திருப்பிக் குடுப்பினமே?" என்றா.

எங்கள் ஆட்கள் பகையாளிக்கும் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்பதை அறுபத்திரண்டு வயதில் எப்படி மறந்தேன்? எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இவரோ வெற்றி உரை எழுதி எனக்கு வாசித்துக் காட்டுகிறார். பக்கத்திலேயே இருப்பதால் உனக்குப் போன் எடுக்கவும் முடியவில்லை. பின்னேரம் சாம்பவி இந்தப் பக்கம் வருவாள், அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நிலக்சி உன் மனைவிக்குச் சொந்தம், நீ சொன்னால் கேட்பாள். ஞாயிறு காலை வந்து, இந்த நேரடித் தேர்தல் குடும்பங்களைக் குலைக்கிற வேலை என்று அவளுக்கு எடுத்துச் சொல்லு. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பு அக்கா,
குணவதி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நிலக்சியே வந்துவிட்டாள். "லிப்ற் ஆர் திருத்துவிச்சது எண்டு கேட்டா எல்லாரும் உங்கட பேரைத்தான் சொல்லினம், அன்ரி. எலெக்‌ஷன் வந்தா நீங்கதான் நிக்கோணும்" என்றாள். மாட்டேன் என்றுதான் சொன்னேன், கை அவள் நீட்டிய வேட்பாளர் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டது. ஆகவே அவளோடு நீ ஒன்றும் கதைக்க வேண்டாம். ஞாயிறு விடியவே வந்து அத்தானை விட்பிக்குக் கூட்டிக்கொண்டு போய், வாக்கெடுப்பு முடிந்தபிறகு கொண்டுவந்து விடு. இனி அவர் நாள் முழுக்க வீட்டில் இருக்கட்டும். நான் இருக்கமாட்டேன்.