மூன்று வரியில் ஒரு விமானம்

மரியாதைக்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு, ஷா ஆலத்திலிருந்து உங்கள் லோரிக்கார மைத்துனன் குரு கைகூப்பி எழுதுவது. நான் சுகம், லோரி சுகமில்லை. பினாங்கு மாற்றல் ஒத்துக்கொண்டதா? கிள்ளான் வீட்டில் லோகேஸ்வரி அக்கா சுகம். நீங்கள் இல்லாததால் கொஞ்சம் கூடுதல் சுகம்.

ராணுவத்துக்கு ஆளில்லாத வேவு விமானம் வேண்டுமென்று மூன்றே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே: ஒரே ஆளால் அதைத் தூக்க முடியணும், ஒரு மணி நேரம் பறக்கணும், கீழே இருப்பதைக் காட்டணும். எங்கள் பட்டறை இன்ஜினியர் சீதாலெட்சுமி அதை வைத்துக் கிளி மாதிரி ஒன்று செய்துவிட்டார். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் உங்கள் ஆபீஸ் ஆட்கள் ஆளுக்கொரு ஆசையோடு இந்தப் பக்கம் வந்தார்கள். ஒருவர், "ராத்திரியிலயும் தெரியணும்லா" என்றார், பெரிய கேமரா ஏறியது. இன்னொருவர், "எதிரிய மிரட்ட ஸ்பீக்கர் வேணாமா?" என்றார், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அளவில் ஒன்று ஏறியது. கனம் கூடியதால் பெரிய இன்ஜின், அதற்குப் பெரிய டாங்கி, அதைத் தாங்கப் பெரிய இறக்கை. கடைசியாக வந்த பெரிய அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீட்டு எங்க?" என்றார்.

"ஆளே இல்லாத விமானம், பாஸ்," என்றேன்.

"விருந்தாளி வந்தா நிக்க வைப்பீங்களா?"

சீட்டும் ஏறியது மச்சான், பெல்ட்டோடு!

ஒரு ஆள் தூக்க வேண்டியதை என் லோரி தூக்கிப் படுத்துக்கொண்டது. திடலில் விமானம் கோழி மாதிரி ஓடியதே தவிர எழும்பவில்லை. இன்னொரு தடவை பறக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, எனக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சீதாலெட்சுமி ஸ்பானரை எடுத்தார். "அண்ணே, ஒங்க மச்சான் கேட்டது மட்டும் இருக்கட்டும், மத்தத கழட்டுங்க." கழற்றினோம். இன்று காலை ஜிவ்வென்று ஏறிவிட்டது! அதிகாரிகளே கை தட்டினார்கள். சீட்டு இப்போது என் லோரியில். இதை எழுதும்போது விமானம் காற்றோடு கிள்ளான் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. வாசலில் வந்து பார்க்கச் சொல்லி அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறேன். குறைவாகக் கேட்கத் தெரிந்த மகராசன் நீங்கள்தான் மச்சான்.

மாரியம்மன் உங்களைக் குறையில்லாமல் வைக்கட்டும். உங்கள் அதிகாரிகளுக்கு ஆசையைக் குறைத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
குரு

பி.கு.: சரியாக ஒரு மணி நேரம் பறந்து, விமானம் கிள்ளான் வீட்டு வாசலில் நின்ற உங்கள் புதுக் கார் மேல் விழுந்துவிட்டது. திரும்பி வரணும், இறங்கணும் என்று நீங்கள் எழுதவே இல்லையே மச்சான்! பக்கத்து வீட்டு ஜெயராஜ் அதை ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டார். கேமராவும் பழுதில்லை, துடைப்பத்தோடு நிற்கும் அக்கா இங்கே திரையில் தெளிவாகத் தெரிகிறது. நாலாவது வரியை அக்காதான் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுதக் கை கூசுகிறது.